தார்ச் சாலைக்கு 0.8

பதினொன்றாம் வகுப்புக்கு முதல் முறையாக இயற்பியல் பாடம் எடுக்கப்போகும் ஆசிரியர்களான உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி பள்ளியிலிருந்து கேட்டார்கள். விசையையும் முடுக்கத்தையும் எப்படி நடத்துவது என்று என்னைவிட நன்றாகச் சொல்லும் காணொளிகள் உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. அதனால் அதை விட்டுவிட்டு, நான் போட்ட கணக்குகளில் ஒன்றே ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அது கரும்பலகையில் போட்டதல்ல. ஓய்வு பெற்ற பிறகு, மந்தைவெளியில் என் வீட்டு ஹாலில், மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டது. படிகளில் பிழையில்லை. விடை தப்பு.

ஆசிரியர் வேலைக்கு வருமுன் நான்கு ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். என் முதல் மழைக்காலத்தில், வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர் என்று ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, "யார் இடுப்பு?" என்றார். நிருபர் போனில் சொன்னார் என்றேன். "அப்போ நிருபர் இடுப்பா? அவன் ஆறடி. ஊரே முழுகியிருக்குமே." மறுபடி விசாரித்தால், நிருபர் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஒரு பஸ் கண்டக்டர் சொன்னதைக் கேட்டுச் சொல்லியிருந்தார். கண்டக்டரும் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. மறுநாள் அந்தச் செய்தியில் தண்ணீர் இருந்தது, அளவு இல்லை.

பள்ளிக்கு வந்த பிறகு, யார் பார்த்துச் சொன்னது என்று கேட்கும் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போய்விட்டது. போனதே தெரியவில்லை. நம் தொழிலில் ஒவ்வொரு கணக்கும் 'கொடுக்கப்பட்டவை' என்ற சொல்லோடு தொடங்குகிறது. அதன் கீழே நிறை, வேகம், உராய்வுக் குணகம் என்று வரிசையாக எழுதுகிறோம். யார் கொடுத்தது என்று முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு மாணவனும் கேட்டதில்லை. நானும் கேட்கும்படி சொன்னதில்லை.

ஒவ்வொரு ஆண்டும் உராய்வுப் பாடம் வரும்போது வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப்போவேன். ஒருவன் சைக்கிளை வேகமாக மிதித்துவந்து பிரேக்கை அழுத்துவான். சக்கரம் சுற்றாமல் தேய்த்துக்கொண்டு போய் நிற்கும். தரையில் விழுந்த கோட்டை டேப் வைத்து அளப்போம். அந்த நீளத்திலிருந்து வேகத்தைக் கண்டுபிடிப்போம். பையன்களுக்கு அது மாயவித்தை மாதிரி. முடிவில் நான் எப்போதும் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன்: ஓட்டினவன் மறந்துபோவான், பார்த்தவன் கூட்டிச் சொல்வான், கோடு மட்டும் பொய் சொல்லாது. கை தட்டுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

என் கடைசி வகுப்பில் அப்படி டேப் பிடித்தவர்களில் ஒருவன் செல்வா. அவன் அப்பா பேச்சிமுத்து, தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவு மேற்பார்வையாளர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். செல்வா பள்ளி முடித்து ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவைப் பைக்கில் உட்காரவைத்து நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கிளம்பினான். வழக்கமாக அவர் ரயிலில் வேளச்சேரி வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடிப்பார். அன்று மகனுக்கு விடுமுறை. மந்தைவெளியைத் தாண்டி அடையாறு நோக்கிப் போகும்போது சந்திலிருந்து ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. செல்வா இரண்டு பிரேக்கையும் பிடித்தான். வண்டி தேய்த்துக்கொண்டே போய், நிற்கும் தறுவாயில் சாய்ந்தது. அவனுக்குத் தோளில் அடி. பின்னால் இருந்தவருக்கு ஹெல்மெட் இல்லை. தடுப்புக் கல்லில் தலை பட்டது. மறுநாள் இறந்துபோனார்.

பதினாலாம் நாள் மாலை மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். பேச்சிமுத்து, கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கை கிடக்க செல்வா, மூன்றாவதாக இறந்தவரின் தம்பி. அவருக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. உட்காரச் சொல்லியும் அவர் மட்டும் உட்காரவில்லை.

பேச்சிமுத்துதான் பேசினார். செல்வா நாற்பதில் வந்ததாகச் சொல்கிறான். மைத்துனர் நம்பவில்லை, இவன் எப்போதும் பறக்கிறவன் என்கிறார். அவர்கள் வழக்கப்படி பதினாறாம் நாள் சடங்கில் தாய்மாமன் புதுத்துண்டு கொண்டுவந்து மகன் தலையில் கட்டவேண்டும். கட்டமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். கட்டாவிட்டால், இவன்தான் கொன்றான் என்று தாய்வீடு ஊரறியச் சொன்னதாக ஆகும். செல்வா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாளே, ஒரு நண்பனோடு அந்த இடத்துக்குப் போய், தடுப்புக் கல்லை ஒட்டி இருந்ததால் அழியாமல் கிடந்த சக்கரத் தடத்தை டேப் வைத்து அளந்திருக்கிறான். படமும் எடுத்திருக்கிறான். சாரிடம் போனால் வேகம் தெரிந்துவிடும் என்று அப்பாவிடம் சொன்னவனும் அவன்தான். என் வாக்கியத்தை அவன் மறக்கவில்லை.

தாய்மாமன் சுவரோரம் நின்றபடி சொன்னார்: "இவன் மெதுவா வந்தானா, பறந்து வந்தானா, அது எனக்குத் தெரியணும் சார். நீங்க படிப்பு சொல்லிக் கொடுத்தவரு. என்ன சொல்லுதீங்களோ ஏத்துக்கிடுதேன்."

செல்வா கைபேசியை என் பக்கம் நீட்டினான். "சார், அங்க ரோட்டுல பாத்தீங்கன்னா..."

"ரோடு இருக்கட்டும்ப்பா. நீளம் எவ்வளவு? அதைச் சொல்லு."

"பதினஞ்சரை மீட்டர் சார்," என்று படத்தை எனக்கு அனுப்பினான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மாணவன் ஏதோ சொல்ல வருகிறான். நாம் அவனைக் கேள்விக்குத் தேவையான விவரத்துக்குத் திருப்பிவிடுகிறோம். வகுப்பில் ஒரு நாளைக்கு இருபது முறை செய்கிறோம். நாற்பது நிமிடத்தில் பாடத்தை முடிக்க அது வேண்டித்தான் இருக்கிறது. என் வீட்டு ஹாலில் மணி அடிக்க ஆள் இல்லை. நான் கேட்டிருக்கலாம்.

காலண்டர் தாளில் எழுதினேன். தடத்தின் நீளம் 15.5 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. உராய்வுக் குணகம், தார்ச் சாலைக்கு, 0.8. இந்தக் கடைசி எண்ணை யாரும் எனக்குத் தரவில்லை. அது என் கையிலிருந்து வந்தது. அத்தனை ஆண்டுகளாக மாதிரிக் கணக்குகளில் எழுதி எழுதி அது விரலில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் விடை வந்தது: மணிக்கு ஐம்பத்தாறு கிலோமீட்டர்.

தாய்மாமன், நாற்பதில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். அதற்கும் கணக்குப் போட்டேன். எட்டு மீட்டருக்குள் நின்றிருக்கும் என்றேன். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லும் ஒருவனின் நிதானத்தோடு சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

செல்வா தாளை எடுத்து ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தான். நல்ல மாணவன். "சரியாத்தான் சார் இருக்கு," என்றான். தாளைத் திருப்பித் தந்துவிட்டு, "நான்தான் வண்டி மீட்டரைச் சரியா பாக்கல போல."

"ஏலே, நாப்பதுன்னியே," என்றார் அப்பா.

"சார் கணக்கு தப்பா இருக்காதுப்பா."

பதினாறாம் நாள் சடங்குக்கு நான் போயிருந்தேன். தாய்மாமன் வரவில்லை. அவர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பதினொரு மணிவரை காத்திருந்தார்கள். பிறகு பேச்சிமுத்துவோடு கடையில் வேலைபார்க்கும் ஒருவர், தாய்மாமன் முறையில் நின்று துண்டைக் கட்டினார். அது கடையிலிருந்தே எடுத்துவந்த துண்டு. ஓரத்தில் விலைச்சீட்டு இருந்தது. செல்வா அதைக் கவனித்தான். கழற்றவில்லை.

அதற்கு ஐந்து வாரம் கழித்து, பென்ஷன் வேலையாக அடையாறில் இருக்கும் வங்கிக்கு நடந்துபோனேன். அதே சாலை. எனக்கு முன்னால் ஸ்கூட்டரில் போன ஒரு பெண் பிரேக் போட்டார். வண்டி பக்கவாட்டில் ஒரு முழம் நழுவி நின்றது. விழவில்லை. என்னை நிறுத்தியது சத்தம். டயர் தாரில் தேய்ந்தால் கிறீச்சிடும். இது உப்புத்தாளைத் தேய்ப்பதுபோல ஒலித்தது.

குனிந்து பார்த்தேன். சாலையின் மேல் மணல். பக்கத்துத் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய மண்ணை லாரிகள் அந்த வழியாக ஏற்றிப்போய்க்கொண்டிருந்தன. சிந்திய மண் காய்ந்து, சக்கரங்களில் நொறுங்கி, ரவை தூவியதுபோல் பரவிக் கிடந்தது. ஓரத்தில் இளநீர் விற்றவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் தேடுற? காசு எதுனா வுழுந்துடுச்சா?"

மண்ணைப் பார்க்கிறேன் என்றேன். "அத்த இன்னா பாக்குறது. லாரி டெய்லி கொட்டிக்கினேதான் போவுது. வண்டிக்காரன் வழுக்கிக்கினேதான் கீறான். போன மாசம் ஒரு பையன் அவங்கம்மாவ இட்டுக்கினு வந்தான், பாவம்."

அன்றைக்கும் மண் இப்படித்தான் கிடந்ததா என்று கேட்டேன். இதைவிட அதிகம் என்றார். அதைக் கையிலிருந்த வங்கிப் புத்தகத்தின் உறையில் எழுதிக்கொண்டேன். அவர் பெயரையும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து செல்வா அன்று அனுப்பிய படத்தைத் திறந்தேன். அன்றும் பார்த்தேன், அதில் டேப்பின் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன். தாரில் தேய்ந்த டயரின் தடம் கறுப்பாக இருக்கும். படத்தில் இருந்த தடம் கறுப்பு இல்லை. சாம்பல் நிறப் பரப்பில் துணியால் துடைத்ததுபோல இருந்தது. மண்ணைத் தள்ளிக்கொண்டு போன தடம். அவன் சொல்ல வந்தது அதுதான். படத்தைப் பார்த்துச் செய்திக்குத் தலைப்பு எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான்.

ஞாயிறு காலை, வண்டிகள் குறைவாக இருக்கும் நேரத்தில் அங்கே போனேன். பஞ்சர் கடையில் வாங்கிய ஒரு துண்டு டயர், அதன்மேல் கட்டிய செங்கல், இரண்டும் சேர்த்து ஐந்து கிலோ. ஒரு கயிறு, ஒரு ஸ்பிரிங் தராசு. மண் இல்லாத இடத்தில் இழுத்தபோது தராசு நான்கு கிலோவைக் காட்டியது. மண் இருந்த இடத்தில் இரண்டு. திரும்பத் திரும்பப் பத்து முறை இழுத்தேன். ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "இன்னா நைனா, எல்லாரும் நாய இட்டுக்கினு வாக்கிங் போனா நீ டயர இட்டுக்கினு போற," என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்துக்கு நான்கு என்றால் 0.8. ஐந்துக்கு இரண்டு என்றால் 0.4. அதே பதினைந்தரை மீட்டருக்கு இந்த எண்ணைப் போட்டால் வேகம் நாற்பதைத் தொடவில்லை, முப்பத்தொன்பது சொச்சம். எட்டு மீட்டருக்குள் நின்றிருக்கும் என்று சொன்னேனே, அதுவும் தப்பு. அந்த மண்ணில் நாற்பதில் வந்த எவனும் பதினைந்தரை மீட்டர் போய்த்தான் நின்றிருப்பான்.

இதிலும் கவனமாக இருக்கிறேன். என் தராசு கடைத்தராசு. விபத்து நடந்த நாளின் மண்ணை நான் அளக்கவில்லை. அவன் வேகம் முப்பத்தைந்தாக இருக்கலாம், நாற்பத்தைந்தாகவும் இருக்கலாம். அன்று நான் சொல்லியிருக்கவேண்டியது இதைத்தான்: சாலை எப்படி இருந்தது என்று தெரியாமல் சொல்லமுடியாது, நாளை காலை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பதினாறாம் நாளுக்கு நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. என் வீட்டிலிருந்து அந்த இடம் நடந்துபோகிற தூரம். மூன்று பேர் முன்னால் ஒரு இயற்பியல் ஆசிரியன் 'தெரியாது' என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. உங்களுக்குப் பழக்கமாகட்டும்.

பேச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் கடையில் மடித்துக்கொண்டிருந்த சேலையை மடித்து முடித்தார். "பதினாறு முடிஞ்சிட்டே சார்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இருவருமாகப் பாத்திரக்கடைக்குப் போனோம். இரண்டு தெரு தள்ளித்தான். தாய்மாமன் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். மண், டயர், தராசு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அன்னைக்கு அம்பத்தாறுன்னீங்க. இன்னைக்கு நாப்பதுங்கீங்க. தப்பா நெனைக்காதீங்க சார், நாளைக்கு எத்தனைன்னு சொல்லுவீங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் செய்தி ஆசிரியரும் அதைத்தான் கேட்டிருப்பார். திருத்தம் வெளியிடும்போது முதல் பக்கத்தில் வந்த பிழைக்கு ஆறாம் பக்கத்தில் நாலு வரி போடுவார்கள். அதை யாரும் படிப்பதில்லை என்று செய்தி அறையில் எல்லோருக்கும் தெரியும். மைத்துனர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் டீ குடித்தார்கள். டீ வாங்கித் தந்ததே அவர் எனக்குக் காட்டிய மரியாதை.

செல்வா அதற்குள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். பைக்கை விற்றாகிவிட்டது. போனில் அழைத்து, நீ சொன்ன நாற்பதுதான் சரி, நான்தான் பிழை செய்தேன் என்றேன். அவன் சொன்னான்:

"சார், எனக்கு இப்ப ஞாபகமே அப்படித்தான் சார் இருக்கு. கண்ணை மூடினா மீட்டர்ல முள்ளு அறுபதுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. அம்மா 'மெதுவா போடா'ன்னு சொல்றாங்க."

"முதல்ல நாற்பதுன்னுதானே சொன்னே? அதுதான் உன் ஞாபகம். இது நான் போட்ட எண்."

"எது மொதல்ல இருந்ததுன்னு தெரியல சார். அம்மா அப்படிச் சொன்னாங்களான்னும் தெரியல. இப்ப கேக்குது."

நான் அவன் வகுப்பில் விதைத்தது அதுதான்: ஓட்டினவன் மறந்துபோவான். அவன் தன்னை ஓட்டினவனாக வைத்துக்கொண்டு, என் காலண்டர் தாளைக் கோடாக வைத்துக்கொண்டான். அந்த வாக்கியத்தை உங்களில் யாரும் வகுப்பில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோடும் பேசாது. நாம்தான் அதற்குப் பதிலாகப் பேசுகிறோம்.

தேர்வு முடிந்ததும் வா, அதே இடத்தில் நீயே டயரை இழுத்துப் பார், தராசை நீயே படி என்று சொன்னேன். எண்ணை அவன் கையாலேயே எடுத்தால் நம்புவான் என்று நினைத்தேன். வருவதாகச் சொன்னான். ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மந்தைவெளி ஸ்டேஷனில் வந்து இறங்கினான். இளைத்திருந்தான். என் கையிலிருந்த டயரையும் செங்கலையும் வாங்கிக்கொண்டான். நடந்தே போனோம்.

சாலை புதிதாகப் போடப்பட்டிருந்தது. குழாய் வேலை முடிந்து, லாரிகள் நின்று, அந்த வாரம்தான் தார் போட்டிருந்தார்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே கறுப்பு. நடுவில் வெள்ளைக் கோடு. ஒரு பிடி மண் இல்லை. இளநீர்க்காரர் இருந்த இடத்தில் பூச்செடி வைத்த தொட்டிகள் இருந்தன. அவர் எங்கே போனார் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இருந்தாலும் செல்வா டயரைத் தரையில் வைத்து இழுத்தான். தராசைப் படித்தான்.

"நாலு கிலோ சார். 0.8."

"இப்ப அப்படித்தான் இருக்கும்."

என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். பத்து அளவுகள், தேதி, நேரம், இளநீர்க்காரர் சொன்னது, எல்லாம் இருந்தது. கவனமாகப் படித்தான். "நீங்க தப்பா அளந்திருக்க மாட்டீங்க சார்," என்றான். முன்பும் இதே நம்பிக்கையில்தான் அந்தக் காலண்டர் தாளைச் சரி என்றான். அது இந்த முறை எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. அவனுக்கும் தரவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

செங்கலை அங்கேயே ஓரமாக வைத்துவிட்டு, டயரை மட்டும் எடுத்துக்கொண்டான். ஸ்டேஷனுக்குப் போக நாங்கள் எதிர்ப்பக்கம் கடக்கவேண்டும். சாலை காலியாக இருந்தது. வெகு தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் ஓட்ட, பின்னால் ஒரு அம்மா. தாராளமாகக் கடக்கலாம். நான் காலை எடுத்துவைத்தேன். செல்வா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். அந்த ஸ்கூட்டர் எங்களைக் கடந்து, வளைவில் திரும்பி, கண்ணிலிருந்து மறையும்வரை கையை எடுக்கவில்லை.